8,600 ரூபாய்க்கு ஒரு பூட்டு

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனிகள் இருக்கிற ஒரு தெருவில் நானும் கணவரும் 12 வருடமாக டிபன் கடை நடத்துகிறோம். கடையின் க்யூஆர் கோடு என் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கோடு இணைந்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் அரிசி மண்டிக்குப் பணம் அனுப்பினேன், போகவில்லை. ஏடிஎம்மிலும் வரவில்லை. வங்கியில் கேட்டால், "வட மாநிலத்தில் சைபர் க்ரைம் புகார். அவர்கள்தான் முடக்கச் சொன்னார்கள். அங்கே போய்ப் பேசுங்கள்" என்கிறார்கள். கணக்கில் 1,32,000 ரூபாய் இருக்கிறது. மகளின் காலேஜ் ஃபீஸ், சீட்டுப் பணம் எல்லாம் அதில்தான். நாங்கள் யாரையும் ஏமாற்றியதில்லை. யோசித்துப் பார்த்தால், அதற்கு முந்தின சனிக்கிழமை சாப்பிட வந்த ஒரு பையன் அவசரம் என்று சொல்லி ஜிபேயில் 8,600 போட்டுவிட்டு 8,500 ரொக்கமாக வாங்கிப் போனான். இப்போது ஒருவர் 15,000 கொடுத்தால் இரண்டே நாளில் கணக்கைத் திறந்து தருவதாகச் சொல்கிறார். கணவரோ க்யூஆர் அட்டையைக் கிழித்துப் போடச் சொல்கிறார், ஜிஎஸ்டி நோட்டீஸும் வரும் என்று பயப்படுகிறார். நான் வட மாநிலத்துக்குப் போக வேண்டுமா? என்னைக் கைது செய்வார்களா?
ஒரு வாசகி, திருப்பூர்

வழக்கறிஞரின் பதில்:

அம்மா, முதலில் அந்தப் 15,000 ரூபாய்க்காரரின் போனை எடுக்காதீர்கள். பூட்டியது வங்கி, பூட்டச் சொன்னது போலீஸ். திறக்கச் சொல்ல அந்தப் போலீஸாலோ நீதிமன்றத்தாலோதான் முடியும். இதற்கு நடுவில் சாவி வைத்திருக்கிற ஆள் என்று யாரும் கிடையாது. கணக்கு முடங்கித் தவிப்பவர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. முதலில் ஃபீஸ் என்பார்கள், அப்புறம் ஓடிபி கேட்பார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே வங்கியில் சொல்லி நெட்பேங்கிங்கையும் கார்டையும் நிறுத்துங்கள்.

அடுத்து, உங்கள் கடையின் ஸ்பீக்கர் பெட்டி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறதா? பெரும்பாலும் இப்படி முடக்கும்போது பணம் வெளியே போவதைத்தான் நிறுத்துவார்கள், உள்ளே வருவதை நிறுத்த மாட்டார்கள். அதனால் "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி சொல்லச் சொல்ல, உங்கள் இட்லிக் காசு பூட்டின அறைக்குள் போய் விழுந்துகொண்டே இருக்கும். மூன்று வாரமாக அந்த அட்டை சுவரில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கணவர் பெயரில் கணக்கு இருந்தால் இப்போதைக்கு அதன் க்யூஆரை ஒட்டுங்கள். ஆனால் கிழிக்க வேண்டாம், பழைய அட்டை தேவைப்படும். அதில் உள்ள யுபிஐ ஐடிக்குத்தான் அந்த 8,600 வந்தது.

இன்றைக்கே செய்ய வேண்டியது இன்னொன்றும் உண்டு. கடையிலோ எதிர்க் கடையிலோ கேமரா இருக்கிறதா? சின்னக் கடைகளின் கேமராப் பெட்டியில் பழைய பதிவு மேல் புதியது ஏறிக்கொண்டே போகும். அந்தச் சனிக்கிழமை ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்னால் போய்விட்டது. அந்தப் பையன் கையில் பணத்தை எண்ணி வாங்குகிற காட்சி இன்னும் அழியாமல் இருந்தால் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். உங்கள் பக்கம் இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சரி, என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். எங்கோ ஒருவர் பங்குச் சந்தை முதலீடு என்றோ பார்சலில் போதைப்பொருள் என்றோ ஏமாற்றப்பட்டு, ஒரு பேச்சுக்கு 3 லட்சம் இழந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கிறார். இந்த எண்ணுக்குப் பின்னால், மாநிலப் போலீஸையும் வங்கிகளையும் இணைக்கிற, 2021-ல் தொடங்கிய ஒரு ஏற்பாடு மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. புகார் பதிவானதும் அவருடைய வங்கிக்குத் தகவல் போகும். பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எவற்றுக்கெல்லாம் பிரிந்தது என்று ஒவ்வொரு வங்கியும் அடுத்த வங்கிக்குக் கைகாட்டும். போலீஸ் இதை ஒன்றாம் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று சொல்லும். உங்கள் கடை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கலாம். அந்த அடுக்கில் இருப்பவர் திருடனா டிபன் கடைக்காரரா என்று அந்த நிமிடத்தில் யாரும் பார்ப்பதில்லை. பணம் ரொக்கமாகி மறைவதற்குள் பிடிப்பதுதான் அவர்களுக்கு அவசரம். இழந்தவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த அவசரத்தில் நியாயமும் இருக்கிறது. உங்கள் மகளின் ஃபீஸே அப்படிப் போயிருந்தால் நாமும் இதே வேகத்தைத்தான் கேட்டிருப்போம்.

யாரோ கொடுத்த 500 ரூபாய் நோட்டு உங்கள் கல்லாவுக்கு வருவதற்கு முன் யார் கையில் இருந்தது என்று நோட்டு சொல்லாது. யுபிஐ பணம் சொல்லும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று ஒட்டிக்கொண்டே வருகிறது. 2016-ல் ஆரம்பித்த யுபிஐயில் 2025 ஆகஸ்ட் மாதம் மட்டும் 2,000 கோடிக்கு மேல் பரிமாற்றம் நடந்திருக்கிறது. அத்தனைக்கும் தடம் உண்டு. வசதி என்று நாம் எடுத்துக்கொண்டது இந்தத் தடத்தோடு சேர்த்துத்தான்.

இப்போது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். "யோசித்துப் பார்த்தால்" என்று தொடங்கியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. திருடின பணத்தை யுபிஐயில் எத்தனை கணக்குக்கு மாற்றினாலும் தடம் தொடர்ந்து வரும். ரொக்கமானால்தான் அறுபடும். ஏடிஎம்மில் எடுத்தால் கேமரா இருக்கிறது, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் இருக்கிறது. டிபன் கடை, பேக்கரி, மொபைல் ரீசார்ஜ் கடை என்றால் இந்தத் தொல்லை இல்லை. சனிக்கிழமை சம்பள நாள், கல்லா நிறைந்திருக்கும், தெருவில் கூட்டம் இருக்கும், வெளியூர்ப் பையன்கள் வந்து போவது சாதாரணம். ஏடிஎம் காலியாக இருக்கிறது, ஊருக்குப் போகிறேன் என்று உண்மையாகவே கேட்கிற பையன்கள்தான் அதிகம். அந்த நூற்றில் ஒருவன் எவன் என்று உங்களால் எப்படித் தெரிந்துகொள்ள முடியும்? உங்களைக் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த 100 ரூபாய் இருக்கிறதே, விசாரணையில் அதைத்தான் நோண்டுவார்கள். சும்மா மாற்றிக் கொடுத்திருந்தால் உதவி. கூடுதலாக வாங்கியதால், "கமிஷனுக்கு இதைத் தொழிலாகவே செய்கிறீர்களா?" என்ற கேள்வி வரும். இதுபோல் வேறு எத்தனை தடவை மாற்றிக் கொடுத்தீர்கள் என்று எனக்கு எழுதவில்லை. உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே தடவை என்றால் விளக்குவது சுலபம். வாராவாரம் என்றால் ஸ்டேட்மென்டே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நாற்பது, அறுபது, நூற்றிருபது என்று வரிசையாக ஓடுகிற வரவுகளுக்கு நடுவே 8,600 தனியாகத் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும்.

அதைச் சாப்பாட்டு பில் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு ஃபேன்சி ஸ்டோர்காரர், யாரோ யோசனை சொன்னார்கள் என்று பழைய தேதி போட்டு 12,000 ரூபாய்க்கு பில் தயார் செய்து அனுப்பிவிட்டுத்தான் என்னைப் பார்க்கவே வந்தார். அந்த பில் எண்ணுக்கு முன்னால் இருந்த பில்லின் தேதி, இதற்குப் பிந்தையது! ஒரு மாதத்தில் முடிய வேண்டிய விஷயம் அந்தக் காகிதத்தால் எட்டு மாதம் இழுத்தது. பொய் ஆவணம் தயாரிப்பது தனிக் குற்றம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நடந்தது நடந்தபடி: இன்ன தேதி, இத்தனை மணி, முன்பின் தெரியாத பையன், ஜிபேயில் 8,600 வந்தது, 8,500 கொடுத்தேன். இவ்வளவுதான் உங்கள் விளக்கம். அதற்கு முன், முடங்கியதற்குக் காரணம் அந்தப் பணம்தான் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நாம் 8,600-ஐச் சந்தேகிக்கிறோம், அவர்கள் சொல்வது வேறொரு 350 ரூபாயாகக்கூட இருக்கலாம்.

"அங்கே போய்ப் பேசுங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியது சரியில்லை. வங்கிக் கிளைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண் என்ன, எந்தத் தேதியில் வந்த எந்தப் பரிமாற்றம், எவ்வளவு தொகை, முடக்கச் சொன்ன உத்தரவின் நகல், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல். இவற்றைக் கேளுங்கள். கூடவே, "சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் லியன் வைத்துவிட்டு மீதியை இயக்க அனுமதிக்கவும்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். லியன் என்றால் அந்தத் தொகைக்கு மட்டும் பூட்டு, மீதி உங்கள் கையில். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. போலீஸ் முடக்கியதை ஆம்புட்ஸ்மேன் திறக்க மாட்டார். ஆனால் விவரம் சொல்லாமல் அலைக்கழிப்பது வங்கியின் சேவைக் குறைபாடு, அதை அவர் கேட்கலாம்.

விவரம் கையில் வந்ததும் அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல், கூடவே பதிவுத் தபால். ஆங்கிலத்தில் எளிமையாக ஒரு பக்கம் போதும். ஆறு மாத ஸ்டேட்மென்ட், ஆதார், உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, இருந்தால் சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ், போர்டு தெரிகிற மாதிரி கடையின் போட்டோ இவற்றை இணையுங்கள். கடைசியாகச் சொன்ன போட்டோவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற சப்-இன்ஸ்பெக்டருக்கு நீங்கள் வெறும் கணக்கு எண்தான். ஆவி பறக்கிற இட்லிக் குண்டானும் பின்னால் மாட்டியிருக்கிற க்யூஆர் அட்டையும் அவர் கண்ணில் பட வேண்டும். 8,600 வரை லியன் வைத்துக்கொள்ள எனக்கு ஆட்சேபம் இல்லை, மீதியை விடுவிக்க வங்கிக்கு என்.ஓ.சி. (தடையில்லாக் கடிதம்) அனுப்புங்கள் என்று கேளுங்கள். விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயார் என்றும் எழுதுங்கள். அந்த 8,600 திரும்பக் கிடைக்குமா என்றால், அனேகமாகக் கிடைக்காது என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இழந்தவருக்குப் போகிற பணம் அது. நீங்கள் ரொக்கமாகக் கொடுத்தது உங்கள் நஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது? வங்கிக் கணக்கும் போலீஸ் கைப்பற்றக்கூடிய 'சொத்து'தான் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது டீக்கடையில் க்யூஆர் என்பதை யாரும் கனவிலும் நினைத்திருக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவில் அந்த அதிகாரம் இருக்கிறது. அப்படிக் கைப்பற்றினால் உடனடியாக மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பல வழக்குகளில் அது நடப்பதில்லை, நம் வாதமும் அங்கிருந்துதான் தொடங்கும். தொகை எவ்வளவு என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் காலவரையின்றிப் பூட்டி வைப்பது வாழ்வாதாரத்தைப் பறிப்பது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவோரத்தில் சோலே பட்டூரே (கொண்டைக்கடலை மசாலாவும் பூரி மாதிரி ஒன்றும்) விற்பவர். மோசடிப் பணத்தில் 105 ரூபாய் அவர் கணக்குக்கு வந்தது என்று முழுக் கணக்கும் முடங்கியது. அவருடைய கணக்கைத் திறந்துவிடவும், அந்த 105 ரூபாயை மட்டும் லியனில் வைக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் கதைக்கும் அவர் கதைக்கும் ஒரே வித்தியாசம், அவர் விற்றது பட்டூரே, ரொக்கம் இல்லை. அந்த வித்தியாசம் சின்னதில்லை என்பதால்தான் மேலே அவ்வளவு நீளமாக எழுதினேன்.

மின்னஞ்சலுக்கு மூன்று, நான்கு வாரத்தில் அசைவு இல்லையென்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் அதிகாரிகளின் நடவடிக்கையை எதிர்த்து ரிட் மனு போடலாம். வழக்கறிஞர் செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் இருக்கிறது. திருப்பூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கேளுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருப்பது இந்த இடத்தில் நல்லதாகப் போயிற்று.

பயணம் பற்றி. சாட்சியாக விசாரிக்க அழைத்தால், பெண் என்பதால் நீங்கள் வசிக்கிற இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்ல முடியாது. மேலே சொன்ன சன்ஹிதாவின் 179-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. இதைக் குறிப்பிட்டு, இங்கேயே விசாரிக்கவோ வீடியோவில் பேசவோ தயார் என்று பதில் எழுதலாம். அதே சட்டத்தின் 35(3)-வது பிரிவின் கீழ் நோட்டீஸ் வந்தால் கதை வேறு. அது சந்தேகத்துக்கு ஆளானவருக்கு அனுப்புவது, வழக்கறிஞர் இல்லாமல் பதில் சொல்லாதீர்கள், பதில் சொல்லாமலும் இருக்காதீர்கள். அந்த நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஒத்துழைப்பவரைக் காரணத்தை எழுத்தில் பதியாமல் கைது செய்யக் கூடாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. கைதே நடக்காது என்று எழுதிக் கொடுக்க எந்த வழக்கறிஞராலும் முடியாது. ஒரே ஒரு வரவு, 12 வருடக் கடை, உண்மையான விளக்கம், இவை இருக்கிற இடத்தில் அந்தப் பயத்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். வாட்ஸ்அப் வீடியோவில் காக்கிச் சட்டையோடு வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று யாராவது மிரட்டினால் போனை வைத்துவிடுங்கள். சட்டத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

கணவர் பேச்சுக்கு வருகிறேன். க்யூஆரே வேண்டாம் என்று விட்டுவிட்டால், சில்லறை இல்லாத பையன் பக்கத்துக் கடைக்குப் போவான், அவ்வளவுதான். முடங்காத கணக்கின் அட்டை சுவரில் இருக்கட்டும். இந்தப் பிரச்சினை முடிந்ததும் கடை பெயரில் ஒரு நடப்புக் கணக்கு தொடங்கி, க்யூஆரை அதில் இணையுங்கள். அரிசி, எண்ணெய், கேஸ் எல்லாம் அதிலிருந்தே கொடுங்கள். மகளின் ஃபீஸும் சீட்டுப் பணமும் வேறு வங்கியில், க்யூஆர் வாசமே படாத கணக்கில் இருக்கட்டும். இது நூறு சதவீதப் பாதுகாப்பு இல்லை. கடைக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு அனுப்புகிற பணத்தின் பின்னாலும் தடம் போகும். ஆனாலும் இரண்டு கணக்கும் ஒரே நாளில் பூட்டப்படுகிற வாய்ப்பு குறைவு.

ஜிஎஸ்டி பயம், 2025 ஜூலையில் கர்நாடகாவில் சின்னக் கடைகளுக்கு யுபிஐ வரவை வைத்து நோட்டீஸ் போன செய்தியால் வந்திருக்கும். சாப்பாட்டுக் கடைக்கு ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். தினசரிக் கணக்கில் சுமார் 5,480 ரூபாய். அது ரொக்கம், யுபிஐ இரண்டும் சேர்த்து, அட்டையைக் கிழிப்பதால் மாறாது. உங்கள் கடை அதைத் தாண்டுகிறது என்றால் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ரொக்கம் மாற்றிக் கொடுத்த 8,600-ம் ஸ்டேட்மென்டில் உங்கள் விற்பனை மாதிரியேதான் தெரியும்.

காலேஜுக்கு, வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் முத்திரையிட்ட நகலை இணைத்து ஃபீஸ் கட்ட அவகாசம் கேட்டு எழுதுங்கள். வெறும் வாயால் கேட்பதைவிட அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம். சீட்டு நடத்துபவரிடமும் அதையே காட்டுங்கள்.

இந்தச் சனிக்கிழமையும் எவனாவது ஒரு பையன் "அக்கா, ஜிபே பண்றேன், கேஷ் கொடுங்க" என்று வந்து நிற்பான். இட்லிக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, ஏடிஎம் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டிவிடுங்கள்.